காத்தக்காவும் லாரிப் பாதையும்

சிலிண்டரின் வாயை ஒரு திருகு திருகி, சீறி வரும் காற்றுக்கு மூக்கைக் கொடுக்கிறாள் காத்தக்கா. பால் திரிந்துவிட்டதா என்று மோந்து பார்ப்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டு. பிறகு நாக்கு நுனியை நீட்டி அதே காற்றை ருசி பார்க்கிறாள். எண்ணெய் வாடை இல்லை, புகை வாடை இல்லை. “ம்... ஒண்ணுமில்லாத காத்து” என்று சொல்லிவிட்டு அடுத்த சிலிண்டருக்கு நகர்கிறாள். அவளிடம் காற்று வாங்கக்கூடிய ஆகப் பெரிய பட்டம் அதுதான்.

அவளுடைய தகரக் கொட்டகை நிற்பது, தண்ணீர் நிரம்பிப்போன ஒரு பழைய கல்குவாரியின் விளிம்பில். தோண்டிக்கொண்டே போனவர்கள் ஒருநாள் ஊற்றின் கண்ணைத் திறந்துவிட்டார்கள். மோட்டார் வைத்து இறைத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. எந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் பள்ளம் நிரம்பியது. ஆறு எதுவும் வந்து சேராத தண்ணீர் என்பதால், கையை விட்டால் நகக்கண் தெரிகிற தெளிவு. அந்தத் தெளிவைத் தேடித்தான் ஞாயிறு தவறாமல் வருகிறார்கள்: முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, அடியில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வர. பல் டாக்டர் ஒருவர், வங்கியில் வேலை செய்யும் இரட்டைச் சகோதரிகள், கேமராவைக் குழந்தைபோல் அணைத்து வரும் ஒரு கல்யாண போட்டோகிராபர். எல்லோருக்கும் காற்று அடைத்துக் கொடுப்பதும், புதியவர்களுக்கு மூழ்கக் கற்றுக்கொடுப்பதும், யார் இறங்கலாம், யார் இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று முடிவு சொல்வதும் காத்தக்காதான்.

குள்ளமான உருவம், அகன்ற தோள்கள். கொண்டையை ஒரு துண்டு சைக்கிள் டியூபால் இறுக்கியிருப்பாள். அவள் அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தவர். “அப்பா டயருக்குக் காத்து அடிச்சாரு. நான் மனுசனுக்கு அடிக்கிறேன். தொழில் ஒண்ணுதான், வாடிக்கைதான் வேற” என்பாள். குவாரியில் மூழ்கிப்போன பம்பை எடுக்க வெளியூரிலிருந்து முக்குளிப்பவர்கள் சிலர் வந்தபோது, அவர்களுடைய காற்று எந்திரம் மக்கர் செய்தது. அப்பாவின் கடையில் இருந்தவள் போய்ச் சரிசெய்து கொடுத்தாள். கூலி என்ன என்று கேட்டார்கள். “நானும் உள்ள வந்து பாக்கணும்” என்றாள். அன்றைக்கு இடுப்பளவு தண்ணீரில்தான் தலையை முக்க விட்டார்கள். ஆனால் அது போதுமாக இருந்தது. கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய் முறையாகப் படித்து, சான்றிதழோடு திரும்பி வந்து இந்தக் கொட்டகையைப் போட்டாள்.

குவாரியில் காத்து கருப்பு இருக்கிறது என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. யாராவது அதைக் கேட்டால் அவள் மறுப்பதில்லை. “ஆமா, இருக்கு. காத்தும் நான்தான், கருப்பும் நான்தான்.”

அவளுடைய மாமியாருக்கு மருமகளைப் பற்றிப் பெருமை அதிகம், ஆனால் அதைச் சொல்லும் விதம்தான் சரியில்லை. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் நிறைந்த பந்தியில், “எம் மருமக காலையில எந்திரிச்சா தண்ணிலதான். சாயங்காலம் வரைக்கும் தண்ணிதான். ஞாயித்துக்கிழமைன்னா கேக்கவே வேண்டாம், கூட்டமே சேர்ந்துடும்” என்று சொல்லி வைத்தாள். அதன்பிறகு அந்தச் சம்பந்தியம்மா காத்தக்காவைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் சரியாயிடும்மா” என்று ஆறுதல் சொல்கிறாராம்.

தண்ணீரில் இறங்க வரும் யாரையும் அவள் முதலில் கேட்பது பெயரையோ ஊரையோ அல்ல. “‘மாமா மாமிய முறைச்சார்.’ சொல்லுங்க பாப்போம்.” வந்தவர் விழிப்பார். “சும்மா சொல்லுங்க.” சொல்வார். மூக்கு திறந்திருந்தால் மாமா மாமாவாகவே வருவார். சளி பிடித்திருந்தால் “பாபா பாபிய புறைச்சார்” என்று வரும். வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மூக்கு அடைத்தவன் ஆழத்துக்குப் போனால் காதுக்குள் அழுத்தம் சமமாகாது, சவ்வு கிழியும். ஒருமுறை பெரிய காண்டிராக்டர் ஒருவர் புத்தம்புது உபகரணங்களோடு வந்து, பாபா பாபியில் மாட்டிக்கொண்டு, “எவ்வளவு தூரத்துல இருந்து வர்றேன் தெரியுமா?” என்று குரலை உயர்த்தினார். காத்தக்கா அவருக்கு வெந்நீர் ஒரு டம்ளர் கொடுத்தாள். “தண்ணி எங்கயும் போகாது சார். காது போயிடும்.”

அவசரப்படுபவர்களுக்கும் ஒரு வசனம் வைத்திருக்கிறாள். “அவசரமா? பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்.” முகக்கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்ளே எச்சில் துப்பித் தேய்க்கச் சொன்னால் புதியவர்கள் கூசுவார்கள். “உங்க எச்சில், உங்க கண்ணாடி. இதுல என்ன வெட்கம்?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள்.

கணக்கு டீச்சர் போன் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கொட்டகையில் அன்றைக்குக் கூட்டமில்லை. காத்தக்கா கிழிந்த ரப்பர் உடுப்பு ஒன்றைக் கணவருக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கணவர் தையல்காரர். ஊருக்கெல்லாம் ரவிக்கையும் சட்டையும் தைப்பவர், மனைவிக்காக நீருடுப்பும் ஒட்டுப் போடுவார். நீச்சல் தெரியாது. வாளித் தண்ணீரில் முகம் கழுவும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்கிற ஆள்.

“அக்கா, எனக்கு நாப்பத்திரெண்டு வயசு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கிடையாது. ஆக்சிடென்ட் ஆகி ரொம்ப வருசமாச்சு. தண்ணிக்குள்ள போகணும். உங்க இடத்துக்கு வீல்சேர் வருமா?”

“வராது” என்றாள் காத்தக்கா. கொட்டகையிலிருந்து தண்ணீருக்குப் போவது பாறையில் பதித்த இரும்புப் படிக்கட்டு. ஏணிக்கு அண்ணன் என்று சொல்லலாம், அவ்வளவு செங்குத்து. “டாக்டர் என்ன சொல்றாரு?”

“காது, நெஞ்சு, மூச்சு எல்லாம் பாத்துட்டு சரின்னுட்டாரு. எங்க போனாலும் நான் சரியாத்தான் இருக்கேன். படிக்கட்டுதான் சரியில்ல.”

காத்தக்கா சிரித்துவிட்டாள். “டீச்சர், வராதுன்னுதான் சொன்னேன். வரவைக்க முடியாதுன்னு சொல்லல. கொஞ்சம் பொறுங்க.”

குவாரியின் எதிர்ப்பக்கத்தில் ஒரு பாதை உண்டு. கல் ஏற்றிய லாரிகள் மேலேறி வந்த பாதை. அகலமானது, சரிவு குறைந்தது. சுவரை ஒட்டி மெல்ல இறங்கி அப்படியே தண்ணீருக்குள் போய்விடும், யாரோ போட்ட சாலை ஏரிக்குள் நுழைந்து மறுபடி வெளியே வர மறந்துவிட்டதுபோல. வீல்சேர் ஒன்று உருண்டு போய் நீரைத் தொடுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அதன் தலைப்பில் ஆள் உயரப் பாறைகள் வரிசையாகக் கிடந்தன. போட்டது குவாரி முதலாளி.

முதலாளி என்பது இப்போது பெயருக்குத்தான். தகப்பனார் காலத்தில் கல் உடைத்தது, மகன் காலத்தில் தண்ணீர் மிஞ்சியது. அவர் தரைக்கல் வியாபாரத்துக்குப் போய்விட்டார். காத்தக்காவுக்கு அனுமதி கொடுத்திருப்பது வாய்வார்த்தையாகத்தான். அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பது இருவருக்கும் தெரியும். முன்பு அந்தப் பாதை வழியாக லாரிகள் வந்து இடித்த வீட்டுச் சுவரையும் உடைந்த கழிவறைப் பீங்கானையும் தண்ணீரில் கொட்டிவிட்டுப் போயின. வெறுத்துப்போய்த்தான் பாறைகளை உருட்டிப் போட்டார். நியாயமான கோபம்.

கடையில் தரைக்கல் மாதிரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவரிடம் காத்தக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

“காலு இல்லாத பொம்பளைய தண்ணிக்குள்ள இறக்கப் போறியா? உனக்கென்ன மூளை குழம்பிப் போச்சா?”

“காலு இருக்குண்ணே. அது பேச்சு கேக்காது, அவ்வளவுதான்.”

“ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ் யாரு வீட்டு வாசல்ல நிக்கும்? உன் வீட்லயா, என் வீட்லயா?”

“ரெண்டு வீட்லயும்தான். அதனாலதான் நான் ஆகவிடமாட்டேன்.” அவள் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க. தண்ணிக்குள்ள தொல்லை யாரு தெரியுமா? காலு இருக்கிறவன்தான். உதைச்சு உதைச்சு அடியில கிடக்கிற கல்லுத்தூளையெல்லாம் கிளப்பிவிட்டுடுறான். அவனுக்கும் ஒண்ணும் தெரியாது, பின்னாடி வர்றவனுக்கும் ஒண்ணும் தெரியாது. தரையிலதான் காலு வேணும். தண்ணியில மூச்சு போதும்.”

முதலாளி ஒரு தரைக்கல்லை எடுத்துத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கல்.

“ஒரு மாசம்” என்றார் கடைசியில். “கிரேன்காரனை விட்டு ஒதுக்கித் தர்றேன். மாசம் முடிஞ்சா கல்லு பழைய இடத்துக்கு வந்துடும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“நிக்கமாட்டேண்ணே.”

டீச்சர் வந்தார். கூர்மையான மூக்கு, குட்டை முடி, கரும்பலகையில் எழுதியெழுதி வலது கைக்கு வந்த ஒரு வேகம். வீல்சேரைத் தானே உருட்டிக்கொண்டு லாரிப் பாதையில் இறங்கினார். பின்னால் பிடித்துக்கொள்ளப் போன பல் டாக்டரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மாமா மாமியை முறைத்தது சுத்தமாக வந்தது. காதில் அழுத்தம் சரிசெய்வது, வாயிலிருந்து குழாய் நழுவினால் மறுபடி கவ்வுவது, முகக்கண்ணாடிக்குள் நுழைந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது எல்லாவற்றையும் கரையோரத்து ஆழமற்ற தண்ணீரிலேயே கற்றுக்கொண்டார். ஒருமுறை சொன்னதை இரண்டாம் முறை கேட்கவில்லை. காத்தக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “இந்த மாதிரி ஒரு மாணவி எனக்கு வந்ததே இல்ல” என்று கணவரிடம் சொன்னாள்.

“தண்ணியில காலு வேண்டாம் டீச்சர், மூச்சு போதும். எனக்குத் தெரியும்” என்று சொல்லித்தான் இரண்டாவது வாரம் காத்தக்கா அவரை ஆழத்துக்கு அழைத்துப் போனாள். இறங்கிக் கொஞ்ச தூரம்கூட ஆகவில்லை. டீச்சரின் கால்கள் தாமாக மேலே எழும்பின. இடுப்பு எழுந்தது, தலை கீழே போனது, கிணற்றில் விழுந்த குடம்போல் உடம்பு கவிழ்ந்தது. கைகளால் துழாவினார். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. மூக்கில் ஏறிவிட்டது. காத்தக்கா அவர் உடுப்பின் தோள்பட்டையைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணோடு கண் பார்த்து, “மூச்சு விடு, விடு” என்று கையால் சைகை காட்டிக்கொண்டே மெதுவாக மேலே கொண்டு வந்தாள். டீச்சர் வெகுநேரம் இருமினார். தண்ணீரும் சளியும் கண்ணீருமாக முகம் சிவந்திருந்தது.

“தெரியும்னு சொன்னீங்களே அக்கா” என்றார், மூச்சு திரும்பியதும். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தைத்தது.

காத்தக்கா எதையும் மழுப்பவில்லை. “தெரியும்னு நினைச்சேன் டீச்சர். காலு வேண்டாம்னு சொன்னேனே தவிர, வேண்டாத காலு என்ன பண்ணும்னு யோசிக்கல. என் உடம்பை வச்சு உங்களுக்குக் கணக்குப் போட்டுட்டேன்.”

டீச்சர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “விடைதானே தப்பு” என்றார். “கணக்கு அப்படியேதான இருக்கு. திரும்பப் போடுங்க.”

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் காத்தக்கா சோறு சாப்பிடவில்லை என்று கணவர் சொல்கிறார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நீட்டிய தன் இரண்டு கால்களையும் யாரோ அந்நியர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மறுநாள் காலை அப்பாவின் பழைய பெட்டியிலிருந்து சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்துக்கொண்டு குவாரிக்குக் கிளம்பினாள். கணவரும் கூடவே வந்தார். பல் டாக்டரை முந்தின நாளே வரச் சொல்லியிருந்தாள்.

லாரிப் பாதையின் ஓரத்தில், தண்ணீர் தொடும் இடத்தில் உட்கார்ந்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை டியூபைச் சுற்றிச் சுற்றித் தன் கால்களைக் கட்டினாள்.

“ஏம்மா, இது என்ன வேண்டுதலா?” என்று கேட்டார் கணவர். சிரிப்பு வரவில்லை அவருக்கு.

“படிக்கப் போறேன்.”

“படிக்கிறவங்க கையைக் காலை விரிச்சுக்கிட்டுப் படிக்கக் கூடாதா?”

“டாக்டர் பக்கத்துலயே வர்றாரு. இடுப்புல கயிறு கட்டியிருக்கேன், முனையை நீங்க பிடிச்சுக்கோங்க. ஒரு இழு இழுத்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். விடாம இழுத்தா மேல தூக்குங்க.”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

“கயிறு பிடிக்க நீச்சல் எதுக்கு? நூல் பிடிக்கத் தெரிஞ்ச கைதான?”

அவர் பிடித்துக்கொண்டார். அந்த வாரம் முழுவதும், கடையில் தைக்க வேண்டிய துணிகளை மடக்கி வைத்துவிட்டு, அவர் குடையின் கீழ் கயிறும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் எழும் குமிழிகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எந்தக் குமிழி மனைவியுடையது, எது டாக்டருடையது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். “இவ மூச்சு சின்னச் சின்னதா, வரிசையா வரும், ஓடுதையல் மாதிரி. டாக்டரோடது பட்டன் பட்டனா வரும்.”

காலைக் கட்டுவது சுலபமாக இருந்தது. மறப்பதுதான் பெரும்பாடு. கட்டிய பிறகும் தொடை தன்பாட்டில் முறுக்கியது, பாதம் துடுப்புப் போடப் பார்த்தது. உதைத்தே பழகிய உடம்பு. அதைச் சும்மா இருக்கச் சொல்வது, வாயாடியிடம் மௌன விரதம் இருக்கச் சொல்வது மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுக்கொடுத்தது. அப்படி விட்டுக்கொடுத்த முதல் முறை அவளும் டீச்சரைப் போலவே தலைகுப்புறக் கவிழ்ந்தாள். கவிழ்ந்த நிலையில், தண்ணீருக்குள்ளேயே, பல் டாக்டருக்கு அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். பிடிபட்டுவிட்டது என்றும் அர்த்தம்.

நீருடுப்பின் ரப்பர்தான் மிதக்கிறது. காலில் அதை எதிர்த்து அழுத்த எதுவும் இல்லை. மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளில் கொஞ்சத்தைக் கணுக்காலுக்கு மாற்ற வேண்டும். எவ்வளவு என்பது இறங்கி இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். அதிகமானால் கால் தரையைத் தொட்டுவிடும். உணர்ச்சியில்லாத கால் பாறையில் உரசினால் தோல் கிழிவது டீச்சருக்கே தெரியாது. கணவர் கணுக்காலுக்குக் குட்டிப் பைகள் தைத்தார். முழங்காலுக்கும் பாதத்துக்கும் தடித்த ஒட்டுகள் வைத்தார். கையுறைகளின் விரலிடுக்குகளில் வாத்துக் காலைப்போல் சவ்வு வைத்துத் தைத்தார். அதைத் தன் கையில் மாட்டி, கொட்டகைக்கு நடுவே நின்று காற்றில் நீந்திக் காட்டினார். தண்ணீரில் இறங்காமலே நீந்தக் கற்றுக்கொண்ட முதல் மனுசன் என்று காத்தக்கா அவருக்குப் பட்டம் கட்டினாள்.

டீச்சர் வந்தார். கணுக்காலில் ஒரு கட்டி, இரண்டு கட்டி என்று மாற்றி மாற்றி, கரையோரத்திலேயே ஒரு நாள் போனது. மறுபடி ஒரு நாள். முதலாளி கொடுத்த மாதம் தேய்ந்துகொண்டிருந்தது. “நாளைக்குக் கிரேன் வருது” என்று போனில் சொன்னார். “வரட்டும்ண்ணே, காலையில நாங்க இறங்குறோம்” என்றாள் காத்தக்கா.

அந்தக் காலையில் வெயில் சாய்வாக வந்து தண்ணீருக்குள் தூண் தூணாக இறங்கியிருந்தது. டீச்சர் வீல்சேரை உருட்டிக்கொண்டு போய், நீர் மடியைத் தொட்டதும் நாற்காலியிலிருந்து முன்னால் சரிந்தார். காத்தக்கா ஒரு பக்கம், பல் டாக்டர் மறுபக்கம். மூன்று பேரும் அமிழ்ந்தார்கள். காலியான வீல்சேரைக் கணவர் இழுத்துக் கரையில் நிறுத்திவிட்டு, பிரேக்கைப் போட்டு, கைப்பிடியை விடாமல் நின்றார்.

கால்கள் எழும்பவில்லை. உடம்பு படுக்கைவசமாக, நூல் பிடித்தாற்போல் நின்றது. டீச்சர் சவ்வுக் கைகளை விரித்து ஒரு வீசு வீசினார். முன்னால் போனார். மூச்சை இழுத்தார், ஒரு சாண் உயர்ந்தார். விட்டார், ஒரு சாண் தாழ்ந்தார். மறுபடி செய்து பார்த்தார். விளையாட்டுச் சாமான் கிடைத்துவிட்டது என்பது கண்ணாடிக்குள்ளிருந்த கண்களிலேயே தெரிந்தது. காத்தக்கா தோளிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை அரையடி தூரத்திலேயே வைத்திருந்தாள்.

லாரிப் பாதை அவர்களுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனது. டயர்கள் அழுத்திய தடங்கள் இன்னும் அப்படியே இருந்தன. நகநீள மீன்கள் கூட்டமாக வந்து, டீச்சரின் கையுறையைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுப் போயின. பாதை வளையும் இடத்தில் ஒரு தகரப் பலகை சாய்ந்து நின்றது. டீச்சர் அதை நோக்கிப் போய், பாசியைக் கையால் வழித்தார். “மெதுவாகச் செல்லவும்” என்றிருந்தது. தண்ணீருக்குள் ஒருவர் சிரிப்பது குமிழிகளில் தெரியும். பெரிதும் சிறிதுமாக ஒரு கொத்து எழும்பியது.

பல் டாக்டர் உதைக்காமல் இருக்க எவ்வளவோ பார்த்தார், ஆனால் ஓரிடத்தில் காலில் மாட்டிய துடுப்பு பட்டுக் கல்தூள் கிளம்பி அவரை மறைத்துவிட்டது. டீச்சர் திரும்பிப் பார்த்து, வகுப்பில் கடைசி பெஞ்சைக் காட்டுவதுபோல் விரலை நீட்டி அவரைப் பின்னால் வரச் சொன்னார். டீச்சர் நடந்துபோன வழியில் ஒரு துளி தூள் எழும்பியிருக்கவில்லை. ஆமாம், நடந்துபோன வழி என்றுதான் காத்தக்கா இப்போதும் சொல்கிறாள். “போனாங்கன்னு சொல்லவா, நீந்துனாங்கன்னு சொல்லவா? நம்மளவிட ஒழுங்கா நடந்தாங்க.”

மேலே வந்தபோது முகத்தைத் துடைக்கக்கூட இல்லை, டீச்சர் கேட்டார்: “அடுத்து எப்ப?”

கரையில் கிரேன் வந்து நின்றிருந்தது. எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியும் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. கணவரிடம் கேட்டு, எந்தக் குமிழி யாருடையது என்று இவரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் போலிருந்தது. டீச்சரை நாற்காலியில் ஏற்றி, நீருடுப்பைக் கழற்றி, கனமான போர்வை போர்த்தி, பாதையில் மேலே கொண்டு வந்தார்கள். முதலாளி ஓரமாக விலகி வழிவிட்டார்.

“உள்ள என்ன இருக்கு?” என்று கேட்டார் டீச்சரிடம். தன் குவாரிக்குள் ஒருபோதும் தலையை முக்கிப் பார்க்காதவர்.

“ரோடு இருக்கு சார்” என்றார் டீச்சர். “நல்ல ரோடு. ஊருக்குள்ள எங்க போனாலும் எனக்கு இந்த மாதிரி ஒண்ணு கிடைக்கல.”

கிரேன்காரர் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். “முதலாளி, வெயில் ஏறுது. கல்லை எடுத்து வச்சுடவா?”

காத்தக்கா நீருடுப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள், சாதாரணமாக, உப்பு இருக்கிறதா என்று கேட்பவளைப்போல. “கல்லுக்குப் பதிலா ஒரு கேட்டு போட்டா என்னண்ணே? சாவி என்கிட்ட இருக்கட்டும்.”

“என்கிட்ட வந்து நிக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“நிக்கலையேண்ணே. நீங்கதான என்கிட்ட வந்து நிக்கிறீங்க.”

கணவர் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார். பல் டாக்டருக்கு இருமல் வந்தது. முதலாளி தண்ணீரைப் பார்த்தார். பிறகு, “அப்ப குப்பை லாரிக்காரன் வந்தா?” என்றார்.

“வரட்டும். மாமா மாமிய முறைச்சார்னு சொல்லச் சொல்றேன்.”

கிரேன்காரர் மறுபடியும் கேட்டார். “கல்லு எங்க வைக்கணும், சொல்லுங்க.”

காத்தக்கா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நீர் சொட்டும் உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையின் தலைப்புக்கு ஏறினாள். பாறைகள் கிடந்த அச்சு இன்னும் ஈரமண்ணில் பதிந்திருந்தது. சரியாக அந்த இடத்தில், பாதைக்குக் குறுக்கே, உடுப்பை விரித்தாள். டீச்சருடையதை வாங்கிப் பக்கத்தில் விரித்தாள், டாக்டருடையதையும். சுருக்கம் நீவி, உடுப்புகளின் கைகளை இரண்டு பக்கமும் நீட்டிவிட்டாள். முதலாளி கையைக் காட்ட, கிரேனின் சத்தம் நின்றது. காற்றில் பறந்துவிடாமலிருக்க, குனிந்து உள்ளங்கையளவு கற்களாகப் பொறுக்கி, ஒவ்வொரு கைக்கும் ஒரு கல்லாக வைத்துக்கொண்டே போனாள்.